முத்துமாரியின் கையெழுத்து

1993 ஆகஸ்ட் 12, வியாழன்.

செட்டியார்பட்டி சேமிப்புச் சங்கத்தில் இன்று பாடம் நடக்கவில்லை. பேண்டேஜ் தறி ஓட்டும் முத்துமாரி ஒரு வக்கீல் நோட்டீசை நீட்டி, வாசித்துச் சொல்லச் சொன்னாள். கொழுந்தனின் லாரிக் கடனுக்குத் தன் வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவன் தவணை கட்டவில்லை. இனி வீடு ஏலத்துக்கு வரும்.

"என்னன்னு கேக்காம எதுக்குடி கையெழுத்துப் போட்ட?" என்றேன்.

"சாட்சிக்குன்னு சொன்னாவ டீச்சரம்மா. மைய எடுத்து வச்சாவ. நான்தான் பேனாவக் கேட்டு வாங்கிப் போட்டேன். கொழுந்தன் அசந்துட்டாரு."

"ஏட்டி, அம்புட்டுப் பவுசா ஒனக்கு?" என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். முத்துமாரியும் சிரிக்கப் பார்த்தாள்.

கைநாட்டு வைத்திருந்தால், பத்திரத்தை வாசித்துக் காட்டியதாக ஒருவன் சாட்சி எழுத வேண்டியிருந்திருக்கும். கையெழுத்துப் போடுகிறவளுக்குப் படிக்கத் தெரியாது என்று யார் நினைப்பார்கள்? வங்கிக் கணக்குத் தொடங்க அது போதும் என்று, மூன்று மாதம் அவள் கையைப் பிடித்து அந்த ஐந்து எழுத்துகளை மட்டும் பழக்கியவள் நான். ஆறாவது எழுத்து அவளுக்குத் தெரியாது. எம்.ஏ. படித்த எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

நாளை ராஜபாளையத்தில் வக்கீலைப் பார்க்க வேண்டும். பெரிதாக நம்பிக்கை இல்லை.

கிளம்பும்போது வருகைப் பதிவேட்டை நீட்டினேன். பேனாவைத் தொடாமல் பெருவிரலை நீட்டினாள். சங்கத்தில் மைப்பெட்டி கிடையாது. போன வருடம், இனி இங்கே யாரும் கைநாட்டு இல்லை என்று எல்லோரையும் கைதட்டச் சொல்லி, அதைக் குப்பையில் போட்டவள் நான்தான்.