இருபத்தேழுக்கு நான் போட்ட பூஜ்யம்

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஜன்னலோர மேசை. வயதுக்கு மரியாதையாம். பிரிண்டர் இரைச்சல் அங்கேதான் அதிகம் என்பதை யாரும் சொல்லவில்லை.

முதுநிலைப் படிப்பின் கடைசி ஆய்வு இது. வளர்ந்த பிறகே தங்களுக்கு ஆட்டிசம் என்று தெரிந்துகொண்ட நாற்பது பேர், பழைய ரிப்போர்ட் கார்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். பெயரையும் பள்ளியையும் மறைத்து, ஆசிரியரின் குறிப்பை மட்டும் தட்டச்சு செய்து தருகிறார்கள். அறிகுறி தெளிவாகத் தெரிந்தால் இரண்டு, சந்தேகம் என்றால் ஒன்று, குணத்தைப் பற்றி மட்டும் என்றால் பூஜ்யம். நானும், பேச்சுப் பயிற்சி தரும் சக மாணவியும் தனித்தனியே போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும்.

முப்பத்துநான்கு வருடம் ரிப்போர்ட் கார்டு எழுதியவளுக்கு இது ஒரு வேலையா? நாற்பதையும் முடித்துவிட்டேன். "ஹோம்வொர்க்கை முடிச்சிட்டுதான் சாப்பாடாம், இவ ரொம்ப நல்ல புள்ள" என்று இவர் தொலைபேசியில் தம்பியிடம் சிரிக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

முப்பத்தொன்பதில் ஒத்துப்போனோம். இருபத்தேழாவது குறிப்பில் மட்டும் இடித்தது.

"டீச்சர், இதுக்கு எப்படி பூஜ்யம் போட்டீங்க?" என்று சக மாணவி படித்துக் காட்டினாள். 'கேள்வி கேட்டால் காதில் விழாததுபோல் நிற்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாள். பெற்றோர் கண்டிக்கவும்.'

"அது திமிர்ம்மா. வேணும்னே செய்றான்னு எழுதியே இருக்காங்களே."

"எழுதினது டீச்சர். அந்தப் புள்ளைகிட்ட யாராவது கேட்டாங்களா?"

ஒத்துப்போகாவிட்டால் மூலப் படியைப் பார்ப்பது முறை. திறந்தாள்.

என் கையெழுத்து.

தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அந்த வரிகளை யாருக்கு எழுதினேன் என்று ஞாபகம் வந்துவிட்டது. நான்காம் வகுப்பு. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் பேசாமல் நிற்பாள். நான் அடுத்தவளை எழுப்பி வேறு கணக்கு கேட்டிருப்பேன். அப்போது இவளிடமிருந்து வரும் - "ஐம்பத்தாறு." சரியான விடை, தவறான நேரம். வகுப்பே சிரிக்கும். நானும்.

அவளுக்கு 'நாளைக்கு' என்று ஒரு பட்டப்பெயர். "என்ன நாளைக்கு, இன்னைக்காவது பதில் வருமா?"

கேள்வி உள்ளே போய்ச் சேரவும் பதில் வெளியே வரவும் சிலருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். போன பருவத் தேர்வில் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அந்தப் பூஜ்யத்தைப் போட்டேன்.

மார்ச் 8, சனி

அந்தப் பட்டப்பெயரை வைத்தது வகுப்பு இல்லை. நான்.

மார்ச் 10, திங்கள்

இன்று யாரும் வருமுன் போய், இருபத்தேழின் அடுத்த பருவ அட்டையைத் திறந்தேன். 'நல்ல முன்னேற்றம். உடனுக்குடன் பதில் சொல்கிறாள்.' அதுவும் நான் எழுதியதுதான்.

கணக்கில் மதிப்பெண் எண்பத்தெட்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு விழுந்திருக்கிறது.

இப்போது ஞாபகம் வருகிறது. கேள்வியை முடிக்கும் முன்பே கத்துவாள் - "பன்னிரண்டு!" "முப்பது!" வாய்க்கு வந்த எண். கண் மட்டும் என் முகத்திலேயே இருக்கும். அதைத்தான் முன்னேற்றம் என்று எழுதினேன். பெற்றோர் கண்டிக்கவும் என்றேனே, என்ன செய்தார்கள்? எத்தனை நாள் செய்தார்கள்?

பக்கத்திலேயே அவளுடைய நேர்காணல் கோப்பு. 'ரிப்போர்ட் கார்டு வந்த நாளில் வீட்டில் என்ன நடந்தது?' என்பது எல்லோரிடமும் கேட்ட கேள்வி. பதில் அதற்குள் இருக்கிறது. விரல் மவுஸிலேயே இருந்தது. ஆளைத் தெரிந்துவிட்டால் கோப்பைத் தொடக்கூடாது, சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆய்வு போகும், பட்டமும் போகலாம். சும்மா இருந்தால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியுமே. பேராசிரியர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மகள் வயதுதான் அவருக்கு.

"உட்காருங்கம்மா. அந்த நேர்காணல் கோப்பைத் திறந்தீங்களா?"

"இல்லை. திறக்கணும்னு இருக்கு. அதான் ஓடி வந்தேன்."

ஏப்ரல் 2, புதன்

நெறிமுறைக் குழு முடிவு வந்துவிட்டது. மதிப்பிடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நடந்ததை அவளிடம் சொல்வார்கள். வேண்டுமானால் அவள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், முழு ஆய்வையும் நான் எழுதக்கூடாது என்றும் சொல்லலாம்.

"இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் பிள்ளைங்க. ஒருத்திகிட்ட தப்பா நடந்ததுக்காகவா இப்படி உருகுறே?" என்றார் இவர்.

ஒருத்திதானா? மற்றவர்களின் அட்டைகள் என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேருந்தில் ஒரு பெண் என்னையே பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். அவளாக இருக்குமோ என்று இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அவள் பதில் வந்தது. பேராசிரியர் திரையைப் பார்த்துப் படித்தார்.

"'அட்டைங்க ஆய்வுல இருக்கட்டும். அந்த டீச்சர் போட்ட பூஜ்யத்தை மாத்த வேண்டாம். போட்டது யாருன்னும் எழுதச் சொல்லுங்க. அவங்ககூடப் பேச எனக்கு விருப்பமில்லை.'"

"வீட்டுல என்ன நடந்ததுன்னு ஏதாவது..."

"இல்லம்மா. நீங்க அதைக் கேட்கவும் கூடாது."

மே 9, வெள்ளி

முறையியல் அத்தியாயத்தை முடித்தேன். "அந்தக் கடைசி வரியைப் படிச்சா ஒரு மாதிரி இருக்கு டீச்சர், கொஞ்சம் மென்மையா மாத்தலாமா?" என்று சக மாணவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

'குறிப்பு 27: முதல் மதிப்பீட்டாளர் - பூஜ்யம். இரண்டாம் மதிப்பீட்டாளர் - இரண்டு. இந்தக் குறிப்பை எழுதிய வகுப்பாசிரியையும் முதல் மதிப்பீட்டாளரும் ஒருவரே.'

அச்செடுத்து, என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.