‘போகட்டும்’ நாற்காலியில் பயிற்சியாளர் அமர்ந்தது குறித்த விளக்க மனு

அனுப்புநர்:
உரிமையாளர், முடிதிருத்தும் நிலையம்,
கால்பந்து மைதானத்தின் கிழக்கு வாசலுக்கு எதிரே,
மருந்துக் கடைக்கு அடுத்த கதவு.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
நகரக் கால்பந்துக் கழகம்,
மைதான அலுவலகம், முதல் மாடி.

பொருள்: தலைமைப் பயிற்சியாளர் தாமாகவே விலக இசைந்தார் என்ற அறிவிப்பைத் திரும்பப் பெறவும், அவரைப் பணியில் தொடரச் செய்யவும், முன்கள வீரரான என் தங்கை மகனை வேறு கழகத்துக்கு விடுவிக்கவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: கிழக்கு வாசல் பலகையில் தங்கள் அலுவலகம் ஒட்டியுள்ள அறிவிப்பும், அதனுடன் உள்ள புகைப்படமும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். மேற்படி புகைப்படத்தில் பயிற்சியாளர் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கத்தியும் கையுமாக வாய் பிளந்து நிற்பவன் நான். கடை என்னுடையது, நாற்காலியும் என்னுடையது. ஆகவே நடந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று கருதி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

1. என் கடையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்பவர்கள் வலது நாற்காலியிலும், போக வேண்டும் என்பவர்கள் இடது நாற்காலியிலும் அமர்வது இங்கே வழக்கம். இதை ஏற்படுத்தியவன் நானே. இரு கட்சியும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் நிலை வந்தபோது, கடையில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டால் போதும் என்று இப்படிப் பிரித்தேன். நாளடைவில் அது சட்டமாகிவிட்டது. ரயிலுக்கு நேரமான ஒருவர், இடது நாற்காலி காலியாக இருந்தும், “அதுல உக்காந்தா என் வீட்டுல சோறு கிடைக்காது” என்று வலது நாற்காலிக்காகக் காத்திருந்து ரயிலை விட்டார். எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யாத ஒரு தையல்காரர், பாதி முடியை ஒரு நாற்காலியிலும் மீதியை மற்றதிலும் வெட்டிக்கொள்கிறார். இவ்வழக்கம் வெளியாருக்குத் தெரியாது என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. போகட்டும் கட்சியினரின் புகார்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே பயிற்சியாளர். நன்றாக ஆடத் தொடங்கும் வீரரைப் பெரிய கழகங்களுக்கு விட்டுவிடுகிறார், அவர்களுக்குப் பதிலாக யாரும் கேள்விப்படாத ஆட்களைக் கூட்டி வருகிறார். ஆட்டம் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு ‘சிலை’ என்று பெயர். நம் அணி கோல் போடும்போதுகூடச் சிலை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வீடியோ எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. போன சீசனில் அவர் கொண்டுவந்த நடுக்கள வீரர் ஓடுவதைக் காட்டிலும் நடப்பதே அதிகம் என்பதால் அவருக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தார்கள். இந்த நிலையில் அணியின் கோல்களில் பாதிக்கு மேல் போட்ட என் தங்கை மகனையும் விற்றுவிடலாம் என்று பயிற்சியாளர் பரிந்துரைத்தார். போகட்டும் கட்சியின் தலைவரான ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர் அன்று என் கடையில் சொன்னது இது: “காய்க்கிற மரத்தை வித்துட்டு, நிழலுக்குக் குடை வாங்கறாரு மனுஷன்.” கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

3. எனக்கும் கோபம் இருந்தது. என் தங்கை கணவரை இழந்தவள். கடைக்கு மேல்மாடியில்தான் அவளும் மகனும் குடியிருக்கிறார்கள். அவன் மைதானத்திலிருந்து வந்து படியேறும் ஓசை கேட்டால்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்காணாத ஊருக்கு அனுப்பச் சொல்கிறவரை எந்த மாமன் மெச்சுவான்? “அந்த சிலைக்கு நாக்கு மட்டும் எப்படிண்ணா வேலை செய்யுது?” என்று தங்கை கேட்டாள்.

4. இனி புகைப்படத்துக்கு வருகிறேன். பயிற்சியாளர் அதற்கு முன் என் கடைக்கு வந்ததே இல்லை. அவருக்கு வீட்டில் மனைவிதான் முடி வெட்டிவிடுவார். அம்மையாருக்கு மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருந்ததால் அன்று இங்கே வந்தார். வலது நாற்காலியில் மின்சாதனக் கடைக்காரர் முகம் முழுக்க நுரையுடன் சாய்ந்திருந்தார். காலியாக இருந்தது இடது நாற்காலி. முடி வெட்டிக்கொள்ள வந்த எவரும் செய்வதையே அவரும் செய்தார். கடையில் எல்லாத் தலையும் இடது நாற்காலிப் பக்கம் திரும்பியது. ஓட்டுநர் பள்ளிக்காரர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துவிட்டார், தங்கள் பலகையில் இருப்பது அதுதான். நான் அந்தப் பக்கம் பார்த்த வேகத்தில், என் கை மின்சாதனக் கடைக்காரரின் மீசையில் ஒரு பாதியை எடுத்துவிட்டது. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அது வேறு வழக்கு, தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

5. பயிற்சியாளரின் தோளில் துணியைப் போட்டுவிட்டு, அந்த நாற்காலிக்கு என்ன பொருள் என்று சொன்னேன். மறைத்தால் நியாயமில்லை. அவர் கண்ணாடியில் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, “இப்ப நான் அங்க மாறணும்னா, அவரைப் பாதி மீசையோட எழுப்பணும். பாவம். இங்கயே வெட்டுங்க” என்றார். அம்மையீர், தங்கள் அறிவிப்பு ‘இசைவு’ என்று குறிப்பிடுவது இதைத்தான். அந்த நாற்காலியைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல் அவர் சொல்லவில்லை என்பதை நான் எந்த விசாரணையிலும் நின்று சொல்வேன்.

6. கத்தரி ஓடிக்கொண்டிருந்தபோது, என் மருமகனை ஏன் அனுப்பப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் சூடு இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. “இங்க அவன் நிக்கிற இடத்துக்குப் பந்து வந்துடுது. வர வைக்கிறாங்க. யார் வர வைக்கிறாங்கன்னு அவனுக்கே தெரியாது. அது தெரியாம இருபத்தஞ்சு வயசு ஆச்சுன்னா, அப்புறம் தெரியவே தெரியாது” என்றார். எனக்குப் புரியவில்லை என்றேன். கடைசி ஆட்டத்துக்கு என்னையும் தங்கையையும் வரச் சொல்லி, தம் பெஞ்சுக்குப் பின்னால் முதல் வரிசையில் இரண்டு இடம் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, பந்தைப் பார்க்கக் கூடாது. “நான் எங்க பாக்கறேனோ அங்க பாருங்க, போதும்” என்றார்.

7. அப்படியே சென்றோம். அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை, தலையின் பின்புறம் மட்டுமே தெரிந்தது. தலை விஷயத்தில் எனக்கு ஓரளவு அனுபவம் உண்டு. பிடரி எந்தப் பக்கம் இறுகுகிறதோ அந்தப் பக்கம் பார்த்தேன். தொடக்கத்தில் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பந்து இடது ஓரத்தில், ஜனம் முழுக்க அங்கே பார்த்துக் கூச்சலிடுகிறது. நானோ வலது பக்கத்தில் யாருமில்லாத புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகுதான் ஆமை கண்ணில் பட்டார். நடந்துகொண்டிருந்தார். இரண்டு எட்டு வலப்பக்கமாக வைத்தார், பந்து தமக்கு வரப்போவதுபோல் கையை லேசாக உயர்த்தினார். எதிரணியின் உயரமான தற்காப்பு வீரர் அவர் பின்னாலேயே போனார். அந்த வீரர் நின்றிருந்த இடம் காலியானது. வேறெதுவும் நடக்கவில்லை. அடுத்த மூச்சில் என் மருமகன் அந்தக் காலி இடத்துக்குள் ஓடி வந்தான், பந்தும் வந்தது, கோல்.

மைதானமே எழுந்து அவன் பெயரைக் கத்தியது. ஆமை அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். அவரைப் பார்த்தவர்கள் அந்த இரைச்சலில் மூன்றே பேர். பயிற்சியாளர் ஒரு விரலை உயர்த்தினார், ஆமை தலையை ஆட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் தொழிலில் இருப்பவன் இதைச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனாலும் அதுதான் உண்மை. இத்தனை ஆண்டுகள் மைதானத்துக்கு எதிரிலேயே கடை வைத்திருந்தும் நான் பார்த்தது பந்தை மட்டுமே. பந்து போகப்போகிற இடத்தில் முன்கூட்டியே ஓர் ஆட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த ஆட்டத்தை ஒரு மனிதர் பதினெட்டு ஆண்டுகளாக உட்கார்ந்த இடத்திலிருந்து நடத்திக்கொண்டிருக்கிறார். நாங்கள் அவருக்குச் சிலை என்று பெயர் வைத்தோம்.

8. இரண்டாம் பாதியைப் பற்றித் தாங்கள் அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ‘முன்னிலையில் இருந்தபோது தேவையற்ற மாற்றம் செய்து வெற்றியைக் கைவிட்டார்’ என்பது தங்கள் இரண்டாவது காரணம். மாற்றம் செய்தது உண்மை. ஆமையை வெளியே அழைத்துவிட்டு இளைஞர் ஒருவரை உள்ளே அனுப்பினார். எதிரணி சமன் செய்ததும் உண்மை. கேலரியிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்கள் பறந்து வந்தன, ஒன்று அவர் தோளிலேயே பட்டது. அவர் திரும்பவில்லை. அந்த ஆட்டத்தில் வென்றால் தம் வேலை தப்பக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அவர் பிடரி இறுகிய பக்கம் பார்த்தேன். என் மருமகன் நின்றிருந்தான். கையை விரித்துப் பந்து கேட்டான். வரவில்லை. இடம் மாறி நின்று கேட்டான். வரவில்லை. வழி திறந்துகொடுக்க ஆளில்லாத மைதானத்தில் முதன்முறையாக அவனைப் பார்த்தேன். கூட்ட நெரிசலில் கை நழுவிய பிள்ளைபோல் இருந்தான். பார்க்கவே சங்கடமாக இருந்தது. தங்கை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே போயிற்று. பிறகு அவன் ஒருமுறை பெஞ்சைப் பார்த்தான். அங்கே ஆமை துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். என்ன தோன்றியதோ, கேட்பதை நிறுத்திவிட்டு அவன் வலப்பக்கமாகச் சட்டென்று ஓடினான். அந்த உயரமான தற்காப்பு வீரர் அவன் பின்னால் ஓடினார். நடுவில் கதவு திறந்ததுபோல் வழி திறந்தது. புதிதாக வந்த இளைஞர் அதற்குள் புகுந்து அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது.

கேலரி தலையில் அடித்துக்கொண்டது. என் மருமகன் சிரித்துக்கொண்டிருந்தான். பந்து காலில் படாமல் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. தங்கை என் காதருகே வந்து, “அண்ணா, பந்தே இல்லாம ஓடறான்ணா, பாத்தியா” என்றாள். அப்போது பயிற்சியாளர் செய்ததையும் பார்த்தேன். சிலை எழுந்து நின்றது. நின்று, ஒரு விரலை உயர்த்தியது. என் மருமகன் தலையை ஆட்டினான்.

9. அம்மையீர், ஆட்டம் சமனில் முடிந்தது என்பதே பதிவு. அதை நான் மறுக்கவில்லை. போகப்போகிறான் என்று தாமே எழுதிக்கொடுத்த ஒரு வீரனுக்காக, இந்தக் கழகத்துக்கு இனி ஒரு கோல்கூடப் போடப்போகாதவனுக்காக, அந்த மனிதர் தம் வேலையைப் பணயம் வைத்து ஒரு பாடம் நடத்தினார். அதை எந்த அறிவிப்புப் பலகையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் கத்தரியைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அதற்காகப் பயிற்சியாளர் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்லவில்லை. கார்னர் வரும்போது கோல்கீப்பரை அவ்வளவு முன்னால் நிறுத்துவது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. அது குறித்துத் தனியாக அவரிடமே பேசிக்கொள்வேன்.

10. பயிற்சியாளரை அனுப்பிவிட்டு என் தங்கை மகனைத் தக்கவைப்பது என்று அலுவலகம் உத்தேசித்திருப்பதாக அறிகிறேன். எங்கள் குடும்பத்துக்கு இதைவிட வசதியான உத்தரவு இருக்க முடியாது. பிள்ளை வீட்டிலேயே இருப்பான், ஊர் அவனைத் தோளில் தூக்கும். எனவே இந்த உத்தரவால் பயன்பெறும் குடும்பமே இதை வேண்டாம் என்று சொல்கிறது என்பதைத் தாங்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

ஆகவே, (அ) என் கடை நாற்காலியில் அமர்ந்ததை ராஜினாமாவாகக் கொள்ளும் அறிவிப்பைத் திரும்பப் பெறவும், (ஆ) கடைசி ஆட்டம் சமனானதை அவர்மீதான குறையாகக் கொள்ளாமல் விடவும், (இ) அவர் பரிந்துரைத்தபடியே என் தங்கை மகனை விடுவிக்கவும், (ஈ) மேற்படி பயிற்சியாளரை அவருக்குத் தெம்பு உள்ளவரை அந்தப் பெஞ்சில் இருக்கவிடவும் ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். நேரில் அழைத்தால் கடையைச் சாத்திவிட்டு வரத் தயாராக இருக்கிறேன்.

இதை எழுதி முடித்துத் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது கோரிக்கை அவளுக்கு வலிக்கும் என்று தயங்கியே வாசித்தேன். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டு, தான் சொல்வதை அப்படியே சேர்க்கச் சொன்னாள். திருத்தாமல் சேர்க்கிறேன்: “அவன் போகட்டும்மா, நான் தாங்கிப்பேன். ஆனா இவர் இங்க இருக்கணும். அவன் அங்க எதையாவது புதுசா கத்துக்கிட்டான்னா, ஓடி வந்து யார்கிட்டம்மா காட்டுவான்? எனக்குப் பந்தை மட்டும்தானே பாக்கத் தெரியும்.”

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கி,

(கையொப்பம்)
முடிதிருத்தும் நிலைய உரிமையாளர்

(கையொப்பம்)
முன்கள வீரரின் தாய்

இடம்: மைதானத்தின் கிழக்கு வாசல் எதிரே
நாள்: அறிவிப்பு ஒட்டப்பட்டதற்கு மறுநாள்