நட்சத்திரத்தில் வலை முடிச்சு

மிச்ச உல்லன் நூலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம் பின்னிக்கொண்டிருந்த ரீத்தாவிடம், "என்னட்டி இது, சின்னப்பிள்ள வெளாட்டு?" என்று நேற்றுக் கேட்டுவிட்டார் புருஷன் ஏசுஅடிமை. அவள் கோபத்தில் பாதியிலேயே போட்டுவிட்டாள். இன்று காலைப் பூசை முடிந்து வந்தபோது நட்சத்திரம் முழுதாகக் கிடந்தது. அவர் கிழிந்த வலையைப் பொத்தக் கடற்கரைக்குப் போயிருந்தார். காலண்டர் தாளில் எழுதி, கறிச்சட்டி மூடியில் வைத்தாள்:

"சாளை மீன்கறி இருக்கு. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன், ஆறதுக்குள்ள தின்னுங்க. நான் கோயில்ல குடில் கட்டப் போறேன். கோவம் இன்னும் தீரல்ல."

பிறகு அடியில் இடுக்கி எழுதினாள்:

"கடைசி முனையில வலை முடிச்சு போட்டிருக்கீங்க. அவுக்க மனசு வரல்ல. அதைத்தான் குடில் உச்சியில கட்டுவேன். இன்னும் நாலு நட்சத்திரம் பாதி பின்னி, கட்டில்ல வச்சிருக்கேன்."