ஏழ்மையின் முகம், ஸ்கில்லெட் ஓடை

1964 மே 12

எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. பிறகு யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன். ஒரு பத்திரிகைக்காரன் என்னைப் படம் எடுத்து, நாடு முழுக்கப் போகும் வாரப் பத்திரிகையில் போட்டு, அடியில் ‘ஏழ்மையின் முகம்’ என்று அச்சடித்துவிட்டான்.

போன மாதம் ஜனாதிபதி ஜான்சன் நம் மலைப்பக்கம் வந்து, ஏழ்மையின் மேல் போர் தொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனார், படக்காரர்கள் போகவில்லை. அன்று நான் கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். தார் பூசுகிறவன் கல்யாணக் கால்சட்டையா போடுவான்? பல்செட் உள்ளே டம்ளரில் கிடந்தது. வராந்தாவில் கால் ஒடிந்த நாற்காலி ஒன்று, பழுது பார்க்க எடுத்து வைத்தது. “ஐயா, அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் உட்காருங்க” என்றான் படக்காரன். நாற்காலியைத்தான் படம் எடுக்கிறான் என்று நினைத்தேன்.

இறைச்சிக்குப் புகை போடும் கொட்டகையில் தொங்கும் இரண்டு பன்றித் தொடைகள் படத்தில் இல்லை. என் மனைவி ஓமா போட்டு வைத்த எண்பது ஜாடி பீன்ஸ் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் உழைத்த இந்த ஹைரம் காடில், எவன் முன்னாலும் கை நீட்டாதவன், அவனும் இல்லை.

ஓமா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “பல்லு இருந்தாலும் நீ இப்படித்தான் இருப்பே, கிழவா.”

1964 மே 13

குளிர்காற்று புகாமல் இருக்க, வசந்தத்தில் சுவருக்குப் புதுப் பத்திரிகைத் தாள் ஒட்டுகிறோம். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது சுவர்தான். பத்தொன்பது வயதில் காலை ஒடித்துக்கொண்டு மூன்று மாதம் படுத்துக் கிடந்தபோது, மருந்து விளம்பரத்தையும் கொலை வழக்கையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். கொலை செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த இடத்தில் அடுப்பின் புகைக்குழாய்.

மாவுப் பசையோடு ஓமா நின்றாள். “உன் படம் போட்ட தாளையும் குடு.”

கொடுக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

1965 பிப்ரவரி 9

அரசாங்கத் திட்டத்தில் வேலை செய்ய ஒஹாயோவிலிருந்து வந்திருக்கும் மிஸ் பெவர்லி, இன்று தேவாலயத்தில் எல்லோரையும் கூட்டினாள். புதுச் சட்டமாம். ஏழைகளுக்கான பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று சொல்லும் குழுவில் ஏழைகளும் உட்கார வேண்டுமாம். எங்கள் ஓடைக்கரை ஊருக்கு ஓர் இடம். தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றால் அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

பிடில் வாசிக்கும் விர்ஜில் எழுந்தான். “இதுல யோசிக்க என்ன இருக்கு? அமெரிக்கா முழுக்கத் தெரிஞ்ச ஏழை நம்ம ஹைரம் மாமாதான்!” கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. எல்லாக் கையும் உயர்ந்தது. ஓமாவின் கையும்!

அதற்கு ஒரு படிவம். ‘நான் ஏழை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்றேன்.

“‘வீட்டில் குழாய் இல்லாதவன்’னு எழுதிக் கொடுக்கறேன். போதாதா?”

“அதுக்குக் கட்டம் இல்லையே, மிஸ்டர் காடில்” என்றாள் மிஸ் பெவர்லி, பாவம்.

1965 பிப்ரவரி 20

ஓமா தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்குப் போகும் பாதையில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இரண்டு வாளியும் ஓடை வரை உருண்டு போயின. எலும்பு ஒடியவில்லை, இடுப்பில் வீக்கம். அரை மைல் ஏற்றம், நாற்பது வருடமாக, ஒரு நாளைக்கு நான்கு முறை. இதை நான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?

“நான் கொண்டு வர்றேன், நீ படு” என்றேன்.

“சுரங்கத் தூசி அடைச்ச உன் மூச்சுக்கு ரெண்டாவது திருப்பம் தாண்ட மாட்டே. நீ ஏழைன்னு எழுதினா எனக்கு ஒண்ணும் குறையாது கிழவா. வாளிதான் குறையும்.”

1965 பிப்ரவரி 22

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது, கைதான் மக்கர் செய்தது.

1968 பிப்ரவரி 6

மூன்று வருடமாகக் குழுவில் ஒரே வார்த்தையைச் சொல்கிறேன்: குழாய். மற்றவர்கள் வணக்கம் சொன்னாலும் நான் குழாய் என்கிறேன். குழாய் போகும் வழிக்கு சர்வே முடிந்துவிட்டது.

இப்போது வாஷிங்டனில் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். ஏழைகள் சத்தம் அதிகமாகிவிட்டது என்று பெரிய மனிதர்கள் புகார் சொல்லியிருப்பார்கள், வேறென்ன? இனி குழுவை மாவட்ட அதிகாரிகள் கையிலேயே கொடுக்கலாமாம். அதாவது, ஓட்டு வாங்கி வந்து மாவட்டத்தையே ஆளும் ஜட்ஜ் கில்லம் கையில். ரோடு, பாலம், வேலை எல்லாம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. இன்று போனால் மேசையைச் சுற்றி அவருடைய மச்சான்கள்.

“உங்களுக்கு நாற்காலி இல்லையே, ஹைரம்” என்றார் ஜட்ஜ்.

“ஒரு மணி நேரத்துல கொண்டு வர்றேன்” என்றேன்.

விர்ஜிலின் வண்டியில் வீட்டுக்கு வந்து, படத்தில் இருந்த அதே நாற்காலியை எடுத்துப் போனேன். ஒடிந்த காலுக்கு ஹிக்கரி மரக்கட்டை வைத்து என்றைக்கோ சரிசெய்துவிட்டேன். மேசை முனையில் போட்டு உட்கார்ந்தேன். ஜட்ஜ் சிரித்துவிட்டார். சிரிக்கிற மனிதனால் வெளியே போ என்று சொல்ல முடிவதில்லை. நாற்காலியை அங்கேயே விட்டு வந்தேன். அது என் இடத்தைப் பிடித்திருக்கும்.

1968 ஏப்ரல் 1

ஜான்சன் மறுபடி தேர்தலில் நிற்க மாட்டாராம், நேற்று ரேடியோவில் சொன்னார். எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவரோடு என் வழக்கு இன்னும் தீரவில்லை.

1969 ஜனவரி 21

புது ஜனாதிபதி நிக்சன். இனி எல்லாம் வாஷிங்டனிலிருந்து உள்ளூர்க்காரர்கள் கைக்கு வரும் என்கிறார்கள். எங்கள் உள்ளூர்க்காரரை அவருக்குத் தெரியாது.

“ஆள் மாறிட்டாரு மாமா, இனிமே யாரைத் திட்டுவீங்க?” என்றான் விர்ஜில்.

“நாற்காலி மாறலையே” என்றேன்.

1972 அக்டோபர் 14

குழாய் தேவாலயம் வரை வந்துவிட்டது! நிக்சன் காலத்திலும் பணம் வந்ததே, ஒப்புக்கொள்கிறேன். நல்லதைச் செய்தால் நல்லது என்று எழுதுவேன், யாராயிருந்தாலும். மீதி அரை மைலுக்கான குழாய்களும் தேவாலயத்தின் பின்னால் அடுக்கி இருக்கின்றன. ஓமா போய் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள், பூசணிக்காய் வாங்குகிற மாதிரி.

1973 ஜனவரி 17

நின்றுவிட்டது. கிராமத் தண்ணீர்ப் பணம் எல்லாவற்றையும் வாஷிங்டன் நிறுத்திவிட்டதாம். பள்ளம் தோண்டக் கூலி இல்லை. மிஸ் பெவர்லி அழுதாள். “ஏம்மா அழறே, தண்ணி நிக்கலாம், நாம நிக்கலாமா?” என்றேன். சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். எட்டு வருடம். அரை மைல்.

ஓமா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

1973 மே 5

தோண்டுகிறோம்! யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை. மண் இளகியதும் போன சனிக்கிழமை தொடங்கினோம். பதினான்கு குடும்பம், ஆளுக்கு ஒரு துண்டு. பாறை தட்டுப்பட்ட இடத்தில் பழைய சுரங்கக்காரர்கள் ஆறு பேர் இறங்கினோம். பாறைக்கு எங்களைத் தெரியும். எனக்கு மூச்சு வாங்கும்போது விர்ஜில் பிடிலை எடுத்து எல்லோர் வேலையையும் நிறுத்திவிடுவான், நான் களைத்தேன் என்று யாரும் சொல்லாமல் இருக்க. பெண்கள் சோளரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்து பள்ளத்தின் கரையிலேயே பரிமாறினார்கள். இந்த ஓடையில் இத்தனை சிரிப்பை நான் கேட்டதில்லை.

மத்தியானம் ஜட்ஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, கூடவே உள்ளூர்ப் பத்திரிகைப் படக்காரன். இந்த மாதக் கடைசியில் அவருக்குக் கட்சிக்குள் தேர்தல், நவம்பரில் பொதுத் தேர்தல்.

“இந்தக் குழாயெல்லாம் மாவட்டச் சொத்து, தெரியுமில்ல?”

“தெரியும் ஜட்ஜ் ஐயா” என்றான் விர்ஜில். “அதான் களவு போகாம மண்ணுக்குள்ள பத்திரமா வைக்கிறோம்.”

ஜட்ஜ் படக்காரனைப் பார்த்தார், பிறகு எங்களை எண்ணினார். எல்லாம் ஓட்டுப் போடும் வயது. சட்டைக் கையை மடித்துவிட்டு, “ஒரு மண்வெட்டி குடுங்கப்பா” என்றார்.

ஓமா நல்லதாகப் பார்த்து, ஈரமான இடத்தைக் காட்டினாள்.

அரை மணியில் ஆள் முழங்கால் வரை சேறு. மூச்சிரைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினார். ஒன்றைக் கொண்டு வந்து போட்டேன். ஹிக்கரிக் கால் வைத்த நாற்காலி. காலையில்தான் குழு அறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. தொப்பி கையில், முடி நெற்றியில், வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

“இப்ப எடு தம்பி” என்றேன் படக்காரனிடம்.

1973 ஜூன் 9

தண்ணீர் வந்தது. முதலில் காற்று, பிறகு சிவப்பு, பிறகு தெளிவு.

எல்லோரும் எங்கள் முற்றத்தில் நின்றார்கள். ஓமா குடிப்பாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, குழாய்க்கு அடியில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். எழுபது வயது. “வீணாகுதே அக்கா!” என்றார்கள். “ஆகட்டும்” என்றாள். “ஆகட்டும், ஆகட்டும்.”

எனக்குக் கண்ணில் தார்ப் புகை பட்டது போல இருந்தது. கூரையில் தார் எதுவும் இல்லை.

1973 ஜூன் 24

சுவருக்குத் தாள் ஒட்டினோம், இந்த வருடம் தாமதமாக. பெட்டியைத் திறந்தேன். என் படம் அடுப்புக்கு இடப்புறம், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த ஜட்ஜ் படம் வலப்புறம். நாற்காலி இரண்டிலும் இருக்கிறது. யார் ஏழை என்று பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

இனி ஆக வேண்டியவை:

உறைபனிக்கு முன் ஓடையைக் கடக்கும் குழாய்க்குச் சாக்கு சுற்றுவது: விர்ஜில். பிடில் வேண்டாம், சாக்கு.

மேட்டில் இருக்கும் நான்கு வீடுகளுக்கு இன்னும் தண்ணீர் இல்லை. பம்ப் வைக்க வேண்டியது ஜட்ஜ் கில்லம். மே மாதம் ஜெயித்துவிட்டார், நவம்பர் பாக்கி இருக்கிறது.

நிறுத்திய பணத்தைத் திருப்பி விட வேண்டியது வாஷிங்டன், அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும். கடிதம் எழுத வேண்டியது நான், வாரம் ஒன்று.

பம்ப் கேட்டுக் குழுவில் உட்கார, அந்த நான்கு வீட்டுக்காரர்களில் ஒருவர் ‘நான் ஏழை’ படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மறுக்கிறார்களாம், மானம் போகுமாம். நாளை காலை நானே ஏறிப் போய்ச் சொல்ல வேண்டும், முதல் தடவை மட்டும்தான் கை மக்கர் செய்யும் என்று. இரண்டாவது திருப்பத்தில் உட்கார நாற்காலியை எடுத்துப் போகிறேன்.

ஓமா செய்ய வேண்டியது: ஒன்றும் இல்லை.