இரண்டு பேரில் யார் வேகம்

பிப்ரவரி 6, வியாழன்

ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் ஆங்கில வகுப்பு. ஆலையைப் புதிதாக வாங்கியவர்களின் உத்தரவு. பேச்சுத் தேர்வில் தேறுகிறவர்களுக்கு வேலை நிரந்தரமாம். மற்றவர்களைப் பற்றிப் பிறகு பார்ப்பார்களாம். 'பிறகு பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கண்ணாடி பாட்டில் தட்டுகளை அடுக்குகிறவன். என் மனைவி அதே ஆலையில் பாட்டிலில் கீறல் பார்க்கிறவள். இருவரும் ஒரே பெஞ்சில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

இன்றைய பாடம் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவது. நம் பேச்சில் 'விட' என்ற ஒரு சொல் போதும். அவனை விட இவன் உயரம் என்றால் உயரம் அலுங்காமல் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் சொல்லுக்கே வால் முளைக்கிறது. ஒருவரோடு ஒப்பிட்டால் ஒரு வால், ஊரோடு ஒப்பிட்டால் வேறொரு வால். டால், டாலர், டாலஸ்ட். குட், பெட்டர், பெஸ்ட் மூன்றும் ஒரே குடும்பமாம். முகஜாடையே இல்லை.

டீச்சர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, பக்கத்தில் நிற்பவரைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். என் மனைவி என்னைக் காட்டி, "ஹீ இஸ் ஓல்டர் தேன் மீ" என்றாள். கேன்டீனே சிரித்தது. வயதில் மூத்தவன்தானே நான்? பிறகு ஏன் சுருக்கென்றது?

பிப்ரவரி 7, வெள்ளி

வலது கை விரல்கள் இன்றும் மரத்துப்போயின. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இவள் வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. இந்தப் பானை அந்தப் பானையை விடப் பெரிது, இந்த வெங்காயம் அதை விடச் சின்னது என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறாள். எனக்கும் சொல்லித்தருகிறாள். நிறுத்தி நிறுத்தி, நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து. அவளுக்குப் பொறுமை அதிகம். அதுதான் எனக்கு எரிச்சல்.

"மோர் பெட்டர்" என்று சொல்லிவிட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, பெட்டர்னாலே போதும்பா, அதுக்கு மேல ஒண்ணு எதுக்கு?" சிரிப்பு அடங்குவதற்குள் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. நான் பிள்ளையைத் திட்டினேன். இவள் டம்ளரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கை ஈரம். வழுக்கிடுச்சு."

கை ஈரமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் 5, புதன்

தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒப்பிடும் பாடம்தான். "ஐ ஆம் ஓல்டர் தேன் மை வைஃப்" என்றேன். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றாள். "ஷீ இஸ் ஷார்ட்டர் தேன் மீ" என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மார்ச் 7, வெள்ளி

இவள் தேறிவிட்டாள். தேறியது மட்டுமில்லை, எங்கள் பகுதிக்கே லைன் லீடராம். நானும் நெட்டையும் தேர்வில் அவுட். நெட்டை என்னோடு தட்டு அடுக்குகிறவன். நின்றால் மின்விசிறி இடிக்கும் உயரம், ஆங்கிலத்தில் மட்டும் என்னை விடக் குள்ளம்.

எல்லோரும் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எழுதுவதற்கென்ன, எழுதிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமில்லை. வயிறு எரிந்தது. சொந்தப் பெண்டாட்டி மேலே எரிகிற வயிறு என்ன வயிறு?

மார்ச் 24, திங்கள்

தட்டு நழுவியது. தட்டு நிறைய பாட்டில்கள், நெட்டையின் காலருகே. அவன் துள்ளி விலகியிராவிட்டால் பாதமே போயிருக்கும். "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல" என்று அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்; விரல்கள் எப்போது விட்டன என்று எனக்கே தெரியாது.

இவள் ஓடி வந்தாள். துடைப்பம் எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினாள், லீடர் ஆன பிறகும். வீட்டுக்கு வந்துதான் வாய் திறந்தாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போகலாங்க."

"போனா சீட்டு எழுதுவான். அந்தச் சீட்டு ஆபீஸுக்குப் போகும். அப்புறம்?"

"அடுத்த தடவை நெட்டை கால்ல விழுந்தா?"

"விழாது."

"எப்படிச் சொல்றீங்க?"

எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தட்டு அடுக்க இயந்திரம் வருகிறது. அடுக்குகிறவர்களில் ஒருவர் போதுமாம். நெட்டை இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நானும்தான். எனக்கு இந்த வேலை போனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எவன் வேலை கொடுப்பான்?

யாரை வைத்துக்கொள்வார்கள் என்று இவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

ஏப்ரல் 10, வியாழன்

எழுத வரவில்லை. இடது கையால் எழுதுகிறேன், அதனால் மட்டுமில்லை.

புது மேனேஜர் வந்தார். நம் மொழியில் ஒரு சொல் தெரியாது அவருக்கு. என்னையும் நெட்டையையும் பேனாவால் காட்டினார். இரண்டு பேர், ஒருவர் மட்டும் என்றார். பிறகு ஆபீஸ் அறைப் பக்கம் தலையைச் சாய்த்து இவளைக் கூப்பிட்டார், உள்ளே போய்ப் பேசலாம் என்பதுபோல.

இவள் நகரவில்லை. "ஹியர்" என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். தூணும் ஒன்றுதான், நாங்களும் ஒன்றுதான் அவருக்கு. தேர்வில் தோற்றவர்களுக்கு என்ன புரியப்போகிறது? "ஹூ இஸ் பெட்டர்?" என்று கேட்டார்.

இவள் அவரைப் பார்க்கவில்லை. நெட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கையை மட்டும் நெட்டை பக்கம் நீட்டினாள்.

"ஹீ இஸ் ஃபாஸ்டர். அண்ட் சேஃபர்."

நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு எல்லாம் புரிந்தது. ஆங்கிலத்தில் முழுசாக எனக்குப் புரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

அவர் போனதும் நெட்டை என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, என்ன பேசிக்கிட்டாங்க? ஒண்ணும் புரியலையே."

"நீதான் வேகமாம். உன் கையிலதான் பத்திரமாம். நீ இருக்க, நான் போறேன்."

"அண்ணியா சொன்னாங்க?"

"ஆமா."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சந்தோஷப்படக்கூட வழியில்லாமல் ஆகிவிட்டது அவனுக்கு.

கட்டினவ. கட்டினவ வாயால. ரெண்டும் ஒண்ணுதான் சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் இவளுக்கு? அந்தாளு சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பான். பாதிக்குப் பாதி எனக்கும் இருந்திருக்குமே.

ஏப்ரல் 11, வெள்ளி

பேசவில்லை. சமைத்து வைத்துவிட்டுப் போனாள். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "உள்ள கூப்பிட்டார்ல. உள்ள போய்ச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே. என் முகத்துக்கு நேரா எதுக்கு?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"உள்ள போய்ச் சொல்லியிருந்தா நான் என்ன சொன்னேன்னு காலம் பூரா யோசிச்சுக்கிட்டே இருப்பீங்க. நானும் உங்களுக்காகப் பேசிப் பார்த்தேன், நடக்கலன்னு சொல்லியிருப்பேன். பொய் சொல்லியிருப்பேங்க. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"எனக்குப் புரியாதுன்னு நினைச்சியா?"

"புரியும்னுதான் அந்த ரெண்டு சொல்லைச் சொன்னேன்."

அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. ஆனால் மனம் ஆறவில்லை. ஆறினதாக எழுதினால் அது பொய்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டாக்டரைப் பார்த்தாயிற்று. கழுத்தில் நரம்பு அழுந்துகிறதாம். "முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். இவள் கூட இருந்தாள். நான் அன்றே சொன்னேனே என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. விரல்கள் திரும்புமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். எனக்கு அந்தச் சொல் பழக்கம்தான்.

மே 5, திங்கள்

அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக நானாகப் பேச்சுக் கொடுத்தேன். "என்ன ஆச்சு?"

கீறல் பார்க்கவும் கேமரா வருகிறதாம். அவளோடு வருஷக்கணக்காக ஒரே மேசையில் கீறல் பார்த்த இரண்டு பெண்கள். ஒருத்தி போக வேண்டும். யார் என்று நாளைக்கு இவள் சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் கண் மங்கிவருவது இவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள்தான் இவளுக்கு நெருக்கம்.

"ரெண்டு பேருமே ஒண்ணுதான்னு சொல்லிடட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்காக அவள் அழுது நான் பார்க்கவில்லை. நான் வெளியே போயிருந்த நேரத்தில் அழுதிருப்பாளோ என்னவோ.

சொல்லு, அப்படியே சொல்லு, தப்பிச்சுக்கோ என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"உள்ள கூப்பிட்டா போகாதே" என்றேன். "அந்த ரெண்டு பேர் முன்னாடியே சொல்லு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பிறகு எழுந்து எனக்குச் சோறு போட்டாள். இடது கையில் கரண்டி இன்னும் பழகவில்லை. சிந்தியதை அவள் துடைத்தாள், நான் துடைக்க விட்டேன்.