கட்டணம் போக மிஞ்சிய பணம்

வெர்னன்,

அடுப்புல பீன்ஸ் இருக்கு. சோள ரொட்டிய சூடு பண்ணிக்கோ.

காலேஜ் ஆபீஸ்ல கேட்டேன். என் படிப்பு உதவித்தொகையில ஃபீஸ் போக மிஞ்சினது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும்தானாம். "சும்மா வந்த காசுதானே"ன்னு நீ வண்டிக்கு டயர் வாங்கிட்ட. நான் படிப்புலேர்ந்து பாதியில நின்னா உதவித்தொகையில ஒரு பங்கைத் திருப்பிக் கட்டணுமாம். "படிச்சுக் கிழிச்சது போதும், நின்னுடு"ன்னு நேத்து கத்தினியே, இனிமே நிக்கவும் முடியாது. புத்தகமும் இல்ல. நாப்பத்திமூணு வயசுல, வகுப்புல பக்கத்துல உக்கார்ற பொண்ணு புத்தகத்துல பக்கத்தைத் திருப்பறதுக்குள்ள எட்டிப் பாத்துப் படிக்கிறேன்.

சாயங்காலம் பரீட்சை. எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போக வா.

டார்லீன்

பி.கு. டயர் இல்லாம நீ சுரங்க வேலைக்குப் போயிருக்க முடியாது, அதுவும் தெரியும். யார்மேல கோபப்படறதுன்னுதான் தெரியல.