எல்லம்மாவின் வெறும் நெற்றி

3-3-1991, முடிச்சூர்
எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி டீச்சர் எழுதுகிறார். காலையில் என் பெண்சாதி எல்லம்மா முகம் கழுவும்போது பார்த்தேன். பொட்டு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. வெண்குஷ்டமா?

5-3
தூக்கமில்லை. படப்பைச் சந்தையில் வெற்றிலை விற்ற குப்பனுக்கும் முதலில் மிளகளவுதான். பிறகு முகமெல்லாம் ஏறியது. அவன் வெற்றிலையை யாரும் தொடமாட்டார்கள், கூடையோடு வாடும். அவன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.
கருவாட்டுக் குழம்பு தின்ற வாயோடு எல்லம்மா மோர் குடித்தாளே, இரண்டும் சேர்ந்தால் வெண்குஷ்டம் என்பார்களே. ஊற்றிக் கொடுத்தவன் நான்தானே?

6-3
மீன், கருவாடு, மோர் எல்லாம் நிறுத்தம். "அப்போ இன்னாத்தயா துன்றது? மண்ணையா?" என்கிறாள்.

20-3
பரவுகிறது, ஐயோ. மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கர் பொட்டாக ஒட்டுகிறாள். போன வருஷம் மருமகள் சரசு அட்டை அட்டையாக வாங்கி வந்ததிலிருந்து குங்குமத்தை விட்டுவிட்டாள். வேர்வைக்கு அழியாதாம். தூங்கும்போதும் எடுப்பதில்லை.

25-3
தாம்பரத்துத் தோல் டாக்டரம்மா சொன்னார்: "மீன் மேல பழி போடாதீங்க பெரியவரே. பொட்டுல இருக்கிற பசை பண்ண வேலை இது. ஆறுற வரைக்கும் நெத்தியில ஒண்ணும் வேணாம், குங்குமம்கூட."
பஸ்ஸில் எல்லம்மா வெடித்தாள். "நீ உசிரோட கீறப்போ தாலியறுத்தவளாட்டம் திரியணுமா? மூஞ்சி பூரா வெளுத்தாலும் வெளுக்கட்டும், போயா!"

28-3
டீச்சர் போய்ப் பேசினார். "எல்லம்மாக்கா, நாங்க வேதக்காரங்க. நான் ஒரு நாளும் பொட்டு வச்சதில்ல. எங்க வீட்டுக்காரர் எலியேசர் குத்துக்கல்லாட்டம் இருக்காரே?"
"அது உன் சாமி. என் சாமி கோவக்காரி."
ஆனாலும் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். "இந்தாளு ஒரு இருமல் இருமட்டும், மறுபடி எடுத்து ஒட்டிக்குவேன்."

2-4
சளி பிடித்திருக்கிறது. கொல்லைக்குப் போய், துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமுகிறேன். வெறும் நெற்றியோடு அவள் எதிரே வந்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. நான் இருக்கிறேனா, போய்விட்டேனா? டீச்சர், இதை அவளிடம் சொல்லாதீர்கள்.

16-6
வெயிலில் அவள் நெற்றியைப் பார்த்தேன். வெள்ளைக்குள் எள் தெளித்தாற்போல் அங்கங்கே கறுப்பு! ஓடிப்போய் மீன் வாங்கி வந்தேன். வந்த வேகத்தில் பெரிதாக இருமிவிட்டேன், அவள் முன்னாலேயே.
எல்லம்மா கண்ணாடியிலிருந்த பொட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"தண்ணி குடியா," என்றாள்.